எண்ணும் தாளில் நடப்பவருக்கும் ஒரு கட்டம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேலத்தில் ஐந்து ரோடு, நாலு ரோடு, அஸ்தம்பட்டி ரவுண்டானா, கொண்டலாம்பட்டி ரவுண்டானா போன்ற இடங்களில், கையில் அட்டையும் தாளும் வைத்துக்கொண்டு போகிற வருகிற வண்டிகளைக் கோடு போட்டுக் குறிக்கும் இளைஞர்களை உங்கள் வாசகர்கள் பார்த்திருப்பார்கள். இப்போது கம்பத்தில் கேமரா கட்டியும் எண்ணுகிறார்கள். பாலம் வேண்டுமா, சாலையை அகலப்படுத்தலாமா, சிக்னல் எத்தனை விநாடி எரிய வேண்டும் என்ற முடிவுகள் எல்லாம் அந்தத் தாளில்தான் தொடங்குகின்றன. அந்தத் தாளில் பதியாதவர் திட்டத்திலும் இடம் பெறமாட்டார். போக்குவரத்துக் கணக்கெடுப்பைத் தொழிலாகவும் பாடமாகவும் கொண்டவர்கள் நாங்கள். சேலத்தில் யாரெல்லாம் பதியாமல் விடுபடுகிறார்கள், எதனால், அதைச் சரிசெய்ய என்ன வழி என்பதை எழுதுகிறோம்.

எண்ணிய வண்டிகளை அப்படியே கூட்டுவதில்லை. ஒரு கார் எவ்வளவு இடம் பிடிக்கிறதோ அதை 1 என்று வைத்து மற்ற வண்டிகளை அதற்கு ஈடாக மாற்றுவார்கள். இதைப் பி.சி.யு., அதாவது பாசஞ்சர் கார் யூனிட் என்பார்கள். இந்தியச் சாலைகள் பேரவை 1990-ல் நகரச் சாலைகளுக்கு வெளியிட்ட 106-வது வழிகாட்டியில் பஸ்சுக்கும் லாரிக்கும் 2.2 முதல் 3.7 வரை, ஆட்டோவுக்கு 1.2 முதல் 2 வரை, இருசக்கர வண்டிக்கு 0.5 முதல் 0.75 வரை, சைக்கிளுக்கு 0.4 முதல் 0.5 வரை என்று மதிப்பு இருக்கிறது. மொத்த வண்டிகளில் அந்த வகை 5 சதவீதம் என்றால் சின்ன மதிப்பு, 10 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் பெரிய மதிப்பு. சாலையின் கொள்ளளவைப் பார்க்க இது நல்ல கருவி. கோளாறு அடுத்த படியில் வருகிறது.

ஓமலூர் மெயின் ரோட்டில் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் பேர் போகிறார்கள் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பஸ்சுக்கு 50 பேர் வீதம் 20 டவுன் பஸ்களில் போனால், சின்ன மதிப்பில் தாளில் விழுவது 44 பி.சி.யு. அதே ஆயிரம் பேர் வண்டிக்கு ஒன்றரை ஆள் வீதம் இருசக்கர வண்டிகளில் போனால் 667 வண்டி, பெரிய மதிப்பில் 500 பி.சி.யு. காரில் அதே வீதம் போனால் 667 பி.சி.யு. நடந்து போனால் பூஜ்யம். வண்டிக் கணக்கை மட்டும் படிக்கிறவருக்குப் பஸ் என்பது இரண்டேகால் கார் இடத்தை அடைக்கும் பெரிய வண்டி, அவ்வளவுதான். அதற்குள் ஐம்பது பேர் இருப்பது தாளில் எங்கும் தெரியாது. 2006-ன் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சாலை இடத்தை வண்டிக்குப் பதில் மனிதரை மையமாக வைத்துப் பங்கிடச் சொன்னது. கொள்கை வந்த பிறகும் தாள் மாறவில்லை என்றால் கொள்கையால் என்ன பயன்?

மாற்றுவது பெரிய செலவில்லை. வண்டி எண்ணும் இடத்திலேயே இன்னும் இருவரை நிறுத்தி, ஒவ்வொரு ஐந்தாவது வண்டியிலும் எத்தனை பேர் என்று குறித்தால் போதும். பஸ்சில் தலை எண்ண முடியாது. அதனால் ஐந்து குறியீடு: பாதி இருக்கை காலி, இருக்கை நிறைந்தது, சிலர் நிற்கிறார்கள், நடைபாதை முழுக்க நிற்கிறார்கள், படிக்கட்டில் தொங்குகிறார்கள். பஸ்சின் இருக்கை எண்ணிக்கையை வைத்து இதை ஆள் கணக்காக மாற்றிவிடலாம்.

இங்கே வழக்கமாக நேரும் தவறுகளையும் சொல்லிவிடுகிறோம். ஷேர் ஆட்டோவையும் சாதா ஆட்டோவையும் ஒரே கட்டத்தில் போட்டுவிடுகிறார்கள். ஒன்றில் எட்டுப் பேர், மற்றதில் ஒருவர் என்றால் சராசரி இரண்டுக்குமே பொருந்தாது. மினி பஸ்சைச் சிறிய சரக்கு வண்டியோடு சேர்த்துவிடுகிறார்கள். பச்சை விளக்கு விழுந்ததும் இருசக்கர வண்டிகள் கொத்தாகப் பாயும்போது கோடு போடும் கை பின்தங்கும். பத்துப் பதினைந்து வண்டி விட்டுப்போகும். தமிழகத்தில் பதிவான வாகனங்களில் ஐந்தில் நாலுக்கு மேல் இருசக்கர வண்டிகள் என்பதால் இந்தப் பிழை சின்னதல்ல. அவற்றுக்கு மட்டும் தனி ஆளைப் போட்டுக் கையில் எண்ணும் கருவி கொடுக்க வேண்டும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை வரி மாற்ற வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளை மாற்ற வேண்டும். களைத்த கண் எண்ணாது.

நாளைத் தேர்வதிலும் உள்ளூர் அறிவு வேண்டும். வாரத்தின் நடுநாட்களில் எண்ணுங்கள், செவ்வாய் முதல் வியாழன் வரை, என்பது பொதுவான வழக்கம். ஆனால் செவ்வாய்ச் சந்தையால் பெயர் பெற்ற ஊரே செவ்வாய்ப்பேட்டை. அங்கே செவ்வாய்க்கிழமையைச் சாதாரண நாளாக எடுக்கலாமா? செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் போன்ற மொத்த வியாபாரப் பகுதிகளில் சரக்கு லாரி இரவிலும் விடியலிலும் வரும். காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை எண்ணும் 16 மணிக் கணக்கில் அது பிடிபடாது. அந்த இரண்டு இடங்களுக்காவது 24 மணிக் கணக்கு தேவை. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவின் நாட்களையும் மே மாதத்தையும் தவிர்ப்பது சரி. தவிர்த்துவிட்டு மறந்துவிடக் கூடாது. அவற்றைத் தனியாக எண்ணித் தனியாக வைக்க வேண்டும்.

இனி வீட்டுக் கணக்கெடுப்பு. எங்களுக்கு அதிகக் கவலை தருவது இதுதான்.

மக்கள் எப்படி வேலைக்குப் போகிறார்கள் என்பதற்கு நாடு முழுவதற்கும் கிடைக்கும் பெரிய சான்று 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பி-28 அட்டவணை. நடை, சைக்கிள், மொபெட், பஸ், ரயில் என்று பயண வகையும் தூரமும் அதில் உண்டு. அது எடுக்கப்பட்டது யாரிடம் என்று பாருங்கள். விவசாயிகள், விவசாயக் கூலிகள், வீட்டுத் தொழில் செய்வோர் ஆகிய மூன்று வகையினரையும் நீக்கி, 'மற்றப் பணியாளர்' என்ற வகையினரை மட்டும் வைத்து உருவான அட்டவணை அது. அம்மாப்பேட்டையிலும் பொன்னம்மாப்பேட்டையிலும் வீட்டிலேயே தறி போட்டவர், பனங்காட்டிலும் சிவதாபுரத்திலும் வீட்டுத் திண்ணையில் கொலுசுக்குப் பொடி வைத்துப் பற்றவைப்பவர், இவர்கள் வீட்டுத் தொழில் வகையில் எழுதப்பட்டிருந்தால் பி-28-ல் இல்லை. வேலை வீட்டில் நடப்பதால் பயணமே இல்லை என்பது எண்ணம். பாவும் நூலும் யார் சுமந்து வருவது? சாயப்பட்டறைக்கு நூல் போவதும், சாயம் ஏறிய நூல் திரும்புவதும், நெய்த சேலை முதலாளி வீட்டுக்குப் போவதும், டி.வி.எஸ். மொபெட்டின் முன்பக்கத்தில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வாரத்தில் பலமுறை நடக்கும் பயணம். இந்த நகரத்தின் இரண்டு பெரிய கைத்தொழில்களின் போக்குவரத்து அந்த அட்டவணைக்கு வெளியே நிற்கிறது. படிக்கப் போகும் பிள்ளைகளும் வெளியே. கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் போவோரும் வெளியே. 2027-ல் நடக்கவிருக்கும் கணக்கெடுப்பு வரை இந்தப் பழைய எண்களைத்தான் எல்லோரும் எடுத்தாளப் போகிறார்கள். எடுத்தாளும்போது அதன் எல்லையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நகர அளவில் நடத்தும் வீட்டுக் கணக்கெடுப்பு இந்தக் குறையைத் தீர்க்கக்கூடியது. ஆனால் கேட்கும் விதத்தில் கெட்டுப்போகிறது. பகல் பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினால் வேலைக்குப் போனவர் இருக்கமாட்டார். இரவு ஏழு மணிக்குப் போனால் வீட்டு ஆண் வந்து எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்வார். மனைவியைப் பற்றி, 'அவங்க வீட்லதான் இருக்காங்க' என்பார். எழுதுபவரும் 'பயணம் இல்லை' என்று கோடு இழுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்.

அதே அம்மாவிடம் நேராகக் கேட்டால் கிடைக்கக்கூடிய பதிலை ஒரு மாதிரிக்கு எழுதிக் காட்டுகிறோம். காலை 8.20-க்குப் பிள்ளையை நடந்து கொண்டுபோய்ப் பள்ளியில் விட்டது. அங்கிருந்தே ரேஷன் கடை. 10.15-க்கு டவுன் பஸ் ஏறிப் பழைய பஸ் நிலையம். அங்கிருந்து மாமியாருக்கு மாத்திரை வாங்க அரசு ஆஸ்பத்திரி வரை நடை. திரும்பும் வழியில் காய்கறி. பஸ்சில் வீடு. 3.30-க்கு மறுபடி பள்ளி. மாலையில் கடை. ஆறேழு இடம், இரண்டு பஸ், மூன்று கிலோமீட்டருக்குக் குறையாத நடை. ஸ்பெயினின் மாட்ரிட் நகர ஆய்வாளர் இனெஸ் சான்செஸ் தெ மாதாரியாகா இதற்குப் 'பராமரிப்புப் பயணம்' என்ற பொருளில் பெயர் கொடுத்தார். பிள்ளை, முதியவர், வீடு ஆகியவற்றுக்காகப் போகும் பயணங்களை மருத்துவம், கடை, மற்றவை என்று பல கட்டங்களில் சிதற விடாமல் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால், அது வேலைப் பயணத்தோடு ஒப்பிடும் அளவுக்குப் பெரிதாக நிற்கும் என்று அவர் காட்டினார்.

ஆகவே கேள்வியை மாற்ற வேண்டும். 'நேற்று எத்தனை பயணம் செய்தீர்கள்?' என்று கேட்டால் யாருக்கும் புரியாது. பயணம் என்றால் நம் மக்களுக்குப் பழனி போவது, சென்னை போவது. 'நேத்து வாசலைத் தாண்டி முதல்ல எப்போ வெளிய போனீங்க? எங்கே? எதுல? அங்கிருந்து நேரா வீடா, வேற எங்காவதா?' என்று கடைசியாக வீடு வந்து சேரும் வரை கேட்டுக்கொண்டே போக வேண்டும். ஐந்து வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரிடமும் தனித்தனியே. சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் தாய் சொல்லலாம். பெண்களிடம் கேட்கப் பெண்களே போக வேண்டும். ஐந்து நிமிட நடையானாலும் எழுத வேண்டும். பஸ் ஏறும் வரை நடந்ததையும் தனி வரியாக எழுத வேண்டும். ஒரு வீட்டில் கேட்டு முடிக்க 25 நிமிடமாவது ஆகும். ஒரே நாளில் ஒருவர் பத்து வீட்டுக்கு மேல் முடித்ததாகச் சொன்னால் அந்தத் தாள்களைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும்.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு, பயனாளிப் பெண் ஒருவருக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்றது. பணக் கணக்கு கிடைத்துவிட்டது. பயணக் கணக்கு நம் ஊருக்கு வேண்டும். முன்பு நடந்தவர் பஸ் ஏறினாரா, ஷேர் ஆட்டோவில் போனவர் மாறினாரா, போகாமலே இருந்தவர் இப்போது போகிறாரா? மூன்றும் வேறு வேறு மாற்றம். மூன்றாவதுதான் எங்கள் கண்ணுக்குப் பெரிது. அது வீட்டில் கேட்டால்தான் தெரியும். அதோடு, காலை 8 முதல் 10, மாலை 5 முதல் 7 என்று நெரிசல் வேளையை மட்டும் எண்ணுகிறவர், காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையே நிரம்பி ஓடும் பஸ்சைப் பார்க்கவே மாட்டார். அந்த வேளையில் பஸ்களைக் குறைத்தால் யார் வெயிலில் நிற்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

காத்திருப்பதையும் எண்ணலாம், ஒரு கைக்கடிகாரம் போதும். மணிக்கு ஆறு பஸ் என்று அட்டவணை சொல்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒன்றாகச் சீராக வந்தால் சராசரிக் காத்திருப்பு ஐந்து நிமிடம். அதே ஆறு பஸ், இரண்டிரண்டாகச் சேர்ந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் காத்திருப்பு பத்து நிமிடம். பஸ்சும் டீசலும் ஓட்டுநரும் கூடவில்லை, குறையவில்லை. பயணிக்கு மட்டும் இருமடங்கு. ஜோடியாக வருவது யாருடைய சோம்பலாலும் அல்ல. சற்றுப் பிந்திய பஸ்சுக்காக நிறுத்தத்தில் ஆள் கூடுகிறார்கள், ஏற்றி இறக்க நேரமாகிறது, அது இன்னும் பிந்துகிறது. பின்னால் வரும் பஸ்சுக்கு ஆள் குறைவு, அது விரைந்து வந்து ஒட்டிக்கொள்கிறது. மருந்து, பாதி வழியில் ஒரு நேரம் பார்க்கும் இடம் வைத்து, பின்னால் வருவதை இரண்டு நிமிடம் நிறுத்தி விடுவது. எந்த இடத்தில் வைப்பது என்பதற்குத் தேவையான தகவல் கண்டக்டரின் டிக்கெட் மிஷினிலேயே கிடைக்கும்: எந்த ஸ்டேஜில், எத்தனை மணிக்கு, எத்தனை டிக்கெட். கட்டணமில்லா டிக்கெட்டிலும் ஏறும் ஸ்டேஜும் இறங்கும் ஸ்டேஜும் பதிந்தால் அதற்கு இணையான கணக்கெடுப்பு வேறு இல்லை. ஒரு ஸ்டேஜுக்குள் பல நிறுத்தங்கள் இருக்கும் என்பதால், மாதம் ஒருமுறை கதவுக்கு ஒருவரை அமர்த்தி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறியவர், இறங்கியவர் என்று குறிக்கவும் வேண்டும். கடைசி நிறுத்தத்தில் ஏறிய கூட்டலும் இறங்கிய கூட்டலும் ஒன்றாக வர வேண்டும். இடையில் எங்காவது பஸ்சுக்குள் இருப்போர் எண்ணிக்கை பூஜ்யத்துக்குக் கீழே போனால் ஒரு கதவின் ஆள் எண்ணத் தவறிவிட்டார் என்று பொருள்.

மேம்பாலம் பற்றிச் சுருக்கமாக. 2020 ஜூனில் திறக்கப்பட்ட சுமார் 7.8 கி.மீ. ஈரடுக்குப் பாலம், ஐந்து ரோட்டில் வேலையே இல்லாமல் கடந்து போக வேண்டியவருக்குப் பெரிய உதவி. ஐந்து ரோட்டில் ஏறி இறங்க வேண்டியவருக்கும், கடக்க வேண்டியவருக்கும் சாலை கீழேதான் இருக்கிறது. அடுத்து ஒரு பாலம் கேட்பதற்கு முன்பு, இரண்டு முனைகளிலும் நின்று வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் நேரத்தையும் குறித்து ஒப்பிட்டால் நேர்வழியாகக் கடக்கும் வண்டி எவ்வளவு, நடுவில் நின்று போவது எவ்வளவு என்று தெரிந்துவிடும். கடப்பது குறைவு என்றால் பாலம் உதவாது. அமெரிக்க நகரங்களை ஆராய்ந்த ஜில் துரான்டன், மாத்யூ டர்னர் இருவரும் 2011-ல், நெடுஞ்சாலை எந்த விகிதத்தில் கூடுகிறதோ ஏறக்குறைய அதே விகிதத்தில் வண்டி ஓட்டமும் கூடுகிறது என்று காட்டினார்கள். அந்த விகிதம் அப்படியே சேலத்துக்குப் பொருந்த வேண்டியதில்லை. இங்கே முன்னும் பின்னும் எண்ணி வைத்தால்தான் நம் விகிதம் தெரியும்.

நடப்பவருக்கு வருவோம். சாலை கடக்கும் வசதி எங்கே தேவை என்பதற்கு எளிய வாய்ப்பாடு ஒன்று உண்டு. நெரிசல் மணியில் கடப்போர் எண்ணிக்கையை, அதே மணியின் வண்டி எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். நடுத்திட்டு இல்லாத சாலையில் விடை பத்துக் கோடியைத் தாண்டினால், நடுத்திட்டு உள்ள சாலையில் இருபது கோடியைத் தாண்டினால், வசதி செய்தாக வேண்டும். மணிக்கு ஆயிரம் வண்டி போகும் சாலையில் நூறு பேர் கடந்தாலே பத்துக் கோடி வந்துவிடுகிறது. நம் நகரின் முக்கியச் சாலைகளில் எத்தனை இடம் இதில் தேறும் என்று ஒரு கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஒரே வாரத்தில் சொல்லிவிடலாம். சிக்னல் நேரத்தையும் பாருங்கள். விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்து, 14 மீட்டர் சாலைக்கு 12 விநாடி கொடுப்பது வழக்கம். விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் பெரியவருக்கு அதே தூரம் பதினேழரை விநாடி. பச்சை அணைந்த பிறகு ஐந்தரை விநாடி அவர் நடுச்சாலையில், கிளம்பத் துடிக்கும் வண்டிகளுக்கு முன்னால் நிற்கிறார். அரசு ஆஸ்பத்திரி, பழைய பஸ் நிலையம் போன்ற இடங்களிலாவது 0.8-ஐ வைத்துக் கணக்கிட வேண்டும். நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லா அகலம் என்பது இந்தியச் சாலைகள் பேரவையின் 2012 வழிகாட்டி. டிரான்ஸ்பார்மருக்கும் விளம்பரத் தட்டிக்கும் போக மிஞ்சுவதைத்தான் டேப் வைத்து அளக்க வேண்டும். சுவரில் இருந்து விளிம்பு வரை அளந்து எழுதுவது அளவாகாது.

ஏற்காட்டுக்கு இவை அப்படியே பொருந்தாது. அடிவாரத்தில் இருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பஸ் திரும்பும்போது முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். அதனால் அந்தச் சாலையின் கொள்ளளவை வளைவுகளே தீர்மானிக்கின்றன. நேர்ப்பகுதியில் எண்ணிப் பயனில்லை. சனி, ஞாயிறு, கோடை விழா நாட்கள் தனி, வார நாட்கள் தனி என்று எடுக்க வேண்டும். இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்ற விதி எந்த வளைவில் அதிகம் மீறப்படுகிறது என்றும் குறிக்கலாம். சுற்றுலாக் கார்களை மட்டும் எண்ணிவிட்டு மலையின் போக்குவரத்தை எண்ணியதாகச் சொல்லக் கூடாது. மலைக் கிராமங்களான நாகலூரில் இருந்தும் மஞ்சக்குட்டையில் இருந்தும் ஏற்காடு ஒண்டிக்கடைக்கு வருவோர், எஸ்டேட் வேலைக்கு விடியலில் சாலையோரம் நடப்போர், கலெக்டர் அலுவலகத்துக்கும் அரசு ஆஸ்பத்திரிக்கும் கீழே இறங்கியவர் கடைசிப் பஸ்சைப் பிடிக்க வேலையைப் பாதியில் விட்டு ஓடுவது, இவையும் மலைப் போக்குவரத்துதான்.

செல்போன் தகவலை வைத்தே எல்லாம் கண்டுபிடிக்கலாம் என்ற பேச்சு இப்போது அதிகம். வேகமும் நெரிசலும் தெரிய அது நல்ல வழி. ஆனால் ஒரே போனை வீட்டில் மூவர் பகிர்ந்தால், போன் வீட்டிலும் ஆள் சந்தையிலும் இருந்தால், அது பொய் சொல்லும். உணவு கொண்டு தருபவரின் வண்டி ஒரு மாலையில் முப்பது இடம் போனால் முப்பது பேரின் பயணம் போலவும் தோன்றும். வீட்டுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அதைப் பயன்படுத்த வேண்டும்.

நகரத்துக்கு எந்தப் போக்குவரத்துத் திட்டம் வகுத்தாலும் மாநகராட்சியையும் மாவட்ட நிர்வாகத்தையும் நாங்கள் கேட்பது இது. கணக்கெடுப்பு தொடங்கும் முன்பே படிவத்தை வெளியிடுங்கள். 'நடந்து' என்ற கட்டமும், பெண்களிடம் நேரடியாகக் கேட்டதற்கான குறியும், வீட்டுத் தொழில் செய்வோருக்கான வரியும் அதில் இருக்க வேண்டும். முடிந்த பிறகு, பெயரும் முகவரியும் நீக்கிய எண்களை வார்டு வாரியாக யாரும் எடுத்துப் பார்க்கும்படி வையுங்கள். டிக்கெட் மிஷினின் ஸ்டேஜ் வாரிக் கணக்கை மாதந்தோறும் கொடுங்கள். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கணக்கெடுக்க வருகிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்பாதீர்கள். உள்ளே அழைத்து, வீட்டில் இருக்கும் அம்மாவையும் பாட்டியையும் பேச விடுங்கள்.

இப்படிக்கு,
போக்குவரத்துக் கணக்கெடுப்பில் பணியாற்றுவோர் சார்பில்,
சேலம்